உத்தரம்

ஆறு மீட்டர் உத்தரம்.
இரு முனையிலும் தாங்கல். நட்ட நடுவில்
நாற்பது கிலோநியூட்டன்.
எவ்வளவு தொய்யும் என்று கேட்டிருந்தார்கள்,
காலை ஒன்பதுக்குள்.

முதுநகரில் எங்கள் மாடிக்கு அடுத்த சுவர்
ஐஸ் கம்பெனி.
படகுகளுக்குப் பாளம் உடைக்கும் மெஷின்
இரண்டு மணிக்குத் தொடங்கும்.
அதற்குள் முடித்தால் உண்டு,
அப்புறம் எண்கள் உதிர்ந்துவிடும்.

முடித்தேன்.
இரண்டு தொகையீடு, இரண்டு மாறிலி,
விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு.
முந்நூற்றறுபது. பார்க்க அழகான எண்.
விளக்கை இழுத்து நோட்டின் மேல் சாய்த்து
படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

"தெய்வம்டா நீ" என்றான் நெல்லிக்குப்பத்து ஹரிபாஸ்கர்.
பண்ருட்டி யாழரசி பார்த்து எழுதி
சரிதானா என்று தன் பக்கத்தை அனுப்பினாள்.
ஓரத்தில் அவள் கட்டைவிரல்,
நகக்கண்ணில் முந்திரித் தோல் எண்ணெயின் கறுப்பு.
சோனங்குப்பத்துக் கபிலேஷ் கடலுக்குப் போயிருந்தான்.
கரை நெருங்கினால் சிக்னல் வரும்,
மீனை இறக்கிவிட்டு பஸ்ஸில் எழுதுவான்;
அவன் வரிகள் எப்போதும்
திருப்பாதிரிப்புலியூர் திருப்பத்தில் கோணும்.

பரங்கிப்பேட்டை நிலோஃபர் மட்டும்
ஒன்று நாற்பதுக்கு ஒரு வரி கேட்டாள்:
"மூணாவது ஸ்டெப்ல மைனஸ் எங்க போச்சு?"

கண்ணுக்குள் மணல்.
"அது அப்படித்தான் வரும்" என்று போட்டுவிட்டுப் படுத்தேன்.
பதிலுக்கும் உத்தரம் என்றொரு பேர் உண்டு.
நான் கொடுத்தது
ஒரு முனையில்கூடத் தாங்கல் இல்லாதது.
நீல டிக் இரண்டு விழுந்தது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

காலையில்
பதினோரு நோட்டுகளில்
ஒரே உத்தரம்
சுமை ஏற ஏற மேலே எழும்பியது,
தடவக் கை வைத்தால் முதுகு தூக்கும் பூனை மாதிரி.
"கெடிலத்துக்கு மேல இப்படி ஒரு பாலம் கட்டுங்க,
வெள்ளத்துக்கு நல்லது" என்றார்
அமலோற்பவம் மேடம், சிரிக்காமல்.
பதினோரு பேரையும் எழுப்பி நிற்கவைத்தார்.
முதலில் யார் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
சட்டைக் கையில் ஒரு செதில் மினுங்க
கபிலேஷ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நிலோஃபரின் கணக்கு இரண்டாவது ஸ்டெப்போடு நின்றிருந்தது.
மீதிப் பக்கம் வெள்ளை.
பத்துக்கு மூன்று போட்டிருந்தார்.
எங்களுக்கு முட்டை.

அன்றிரவு அவளுக்குத் தனியாக எழுதினேன்.
மன்னிப்பு என்று தொடங்கி அழித்தேன்.
நேற்று படிக்கவே இல்லை என்று தொடங்கி,
பொய் என்பதால், அழித்தேன்.
"மைனஸ் எங்க போச்சுன்னு எனக்கும் தெரியல."
அனுப்பிவிட்டேன்.

அழைத்தாள். ஒற்றைக் கோடு சிக்னலில்
குரல் விட்டு விட்டு வந்தது.
நடுவுல சாய்வு எவ்வளவு?
சுழி.
ரெண்டு உறுப்பு இருக்கு. ரெண்டும் கூட்டல்னா
எப்படிச் சுழி வரும்?

பென்சில் நின்றது.
ஐஸ் மெஷின் தொடங்கியது.
"என்ன சத்தம்?"
"ஐஸ்."
"இங்க தவளை."
கொஞ்ச நேரம் இருவரும் அதைக் கேட்டோம்.
மாறிலிக்கு முன்னால்
ஒரு சின்னக் கோடு போட்டேன்.
அதற்குப் பிறகு தானாக இறங்கியது எல்லாம்,
முந்நூற்றறுபது பாதியாகி
நூற்றெண்பது, கீழ்நோக்கி.

உனக்கு நேத்தே தெரியுமா என்றேன்.
"இல்லையே. தெரியாமதான கேட்டேன்" என்றாள்.

புதுப் பக்கத்தைப் படம் பிடித்தேன்.
விளக்கைச் சாய்க்கவில்லை,
என் தலையின் நிழல் பாதி வரியில் விழுந்திருந்தது.
தப்பு என்னுது என்று கீழே எழுதி
பத்துப் பேருக்கும் அனுப்பினேன்.
ஹரிபாஸ்கர் ஒரு முட்டைப் படம் போட்டான்.
யாழரசி, "இப்போ தொய்யுது" என்றாள்.

கபிலேஷுக்கு மட்டும் ஒற்றை டிக்.
கரையிலிருந்து எத்தனை மைலோ.