அறுநூற்று எழுபது கிராம்

கண்டியில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால்,
மரப்படி ஏறிப் போகும் கடை.
கண்ணாடி மேசையில் பச்சைத் துணி விரித்து
மூன்றை வைத்தார் மாபிட்டிய முதலாளி.
மூக்குக்கண்ணாடிக்குச் சட்டம் காட்டுகிறவர் போல
ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பி.

"இது பெருசு. சுட்டா கை ஆடாது.
ஆனா ஜீப்புல உக்காந்தா விலாவுல குத்தும்."
"இது ரிவால்வர். அஞ்சு தோட்டா. மடையனுக்கும் விளங்கும்.
ஆனா உருளை துருத்தும், கட்டி வந்த மாதிரி."
மூன்றாவதை ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் தள்ளினார்.
தட்டை. கறுப்பு.
சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் நீளம்.

அமைச்சின் கடிதம் பையில் நாலாய் மடிந்து கிடந்தது.
மாசி மாதம் லிந்துலை வளைவில்
சம்பளப் பெட்டியோடு ஜீப்பை மறித்தார்கள்.
டிரைவர் யோகராசாவுக்கு
இடது காது இன்னும் கேட்காது.
துரை சொன்னார்: கிளாக்கர், நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.
குடை வைத்துக்கொள்ளச் சொல்கிற அதே குரலில்.

நான் கேட்ட கேள்விகள் எனக்கே சிரிப்பாயிருந்தன.
மழைக்குத் துருப்பிடிக்குமா?
எங்கள் பக்கம் எட்டு மாதம் உப்பே கல்லாய் நிற்காது.
ஸ்வெட்டர் நூலில் எங்காவது மாட்டுமா?
விறைத்த விரலுக்கு விசை தெரியுமா?
குனிந்தால் வெளியே தெரியுமா?
சம்பள மேசையில் நான்
முந்நூறு தடவை குனிகிறவன்.

மூன்றாவதையே எடுத்தேன்.
தோட்டாவோடு அறுநூற்று எழுபது கிராம் என்று
தராசில் வைத்தே காட்டினார்.
முள்ளைப் பார்த்ததும் பழக்கத்தில் என் வாய்
"தண்ணிக்கு ரெண்டு கழிச்சு" என்றது.
அவருக்கு விளங்கவில்லை.
எனக்கு விளங்கியது.
காசைக் கட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டில் அலுமாரிக் கண்ணாடி முன் அரை இரவு.
நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன்,
கீழே விழுந்த பேனாவை எடுப்பது போல் எடுத்துப் பார்த்தேன்.
கோட்டு ஒரு பக்கம் இழுக்கிறதே என்றாள் பவளராணி.
மறுநாள் இடது பையில்
ஒரு பழைய பூட்டைப் போட்டேன், சமனுக்கு.

பத்தாம் திகதி. மூடுபனி. பெரட்டுக் களத்தில் வரிசை.
செக்றோல் நூற்று நாற்பத்திரண்டு, சிலம்பாயி.
காசை எண்ணவில்லை அவள். என் இடுப்பைப் பார்த்தாள்.
"ஐயா வலப்பக்கம் என்னமோ சொமக்குறாரு."
சாவி, என்றேன்.
"சாவின்னா ஆடுமே. இது ஆடலியே."
பின்னாலிருந்து ஒருத்தி: "அரைக்கிலோவுக்கு மேல இருக்கும்."
"முக்காலுக்கு வராது," என்றாள் அவளுக்கும் பின்னால் நின்றவள்.
"இந்தப் பக்கமும் ஒண்ணு கெடக்கு புள்ள, அது கம்மி."

நெற்றியில் கயிறு போட்டு
பதினெட்டு கிலோவை மலையேற்றுகிறவர்களிடம்
நடையை மறைக்கவா நான் கண்டிவரை போனேன்?
ஒருத்தியும் பயப்படவில்லை.
கடைசி ஆள்வரை ஆளுக்கொரு எடை சொல்லிப் போனார்கள்.
பவுன் மதிக்கிற மாதிரி.

சிலம்பாயி நோட்டுகளை மடியில் செருகிக்கொண்டு
போகிற போக்கில் சொன்னாள்:
"கிளாக்கர் ஐயா ஒரு கிராமும் கழிக்காம சொமக்குறத
இன்னைக்குத்தான் பாக்குறேன்."
வரிசை முழுக்கச் சிரிப்பு.
நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல்.
அந்தி நிறுவைக்கு நானே நின்றேன்.
சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
முள் பதினாறில் நடுங்கி நின்றது.
பதினாலு என்று எழுதினேன்.

எழுதக் குனிந்தபோது கோட்டு விலகியிருக்க வேண்டும்,
இடுப்பில் குளிர்ந்தது.
அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.
காலில் ஏறிய அட்டையை
உப்பு வைத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள்.