காலாவதி இல்லை

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
மனிடோபாவின் சமவெளியில் எங்கள் தேவாலயம்,
அதன் நிலவறையில் ஹீட்டர்
பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது.
பதினோரு பிள்ளைகள், ஏழு கத்தரிக்கோல்,
அதிலும் இரண்டு இடக்கைக்காரர்களுக்கு.

யோவான் பதிமூன்றைச் சொல்லி முடித்தேன்.
இடுப்பில் கட்டிய துண்டு, பாத்திரத்துத் தண்ணீர்,
பேதுருவின் வீம்பு, எல்லாம்.
பிறகு கைவேலை:
வண்ண அட்டையை மடித்து வெட்டி
ஓரத்தில் நூல் கோத்தால்
ஊழியச் சீட்டுப் புத்தகம்.
கிழித்து யாருக்காவது கொடுங்கள்,
அவர்கள் கேட்டால் செய்யுங்கள்.
கேட்டால் செய்யுங்கள் என்று சொன்னது
நான்தான்.

தட்டு துடைப்பேன் என்று அன்னெலீஸ்.
வாசலில் பனி அள்ளுவேன் என்று கோல்பி.
தங்கையை அடிக்க மாட்டேன், அரைமணி நேரம்,
என்று டார்சி.
ஜோரி பென்னருக்கு ஆறு வயது.
நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்க
ஒவ்வோர் எழுத்தாய் இழுத்து வைத்தான்:
உங்கள் காலைக் கழுவேன்.

'வு' ஒன்று விழுந்துவிட்டது.
திருத்தலாமென்று குனிவதற்குள்
பசையைப் பிதுக்கி
வெள்ளி மினுக்குத் தூளை மொத்தமாய்க் கவிழ்த்தான்.
ஈரப் பசையில் யார் கை வைப்பது?
மிச்சத் தூளைத் தொட்டியில் தட்டினேன்.

மே மாதம் அவர்கள் ஆல்பெர்ட்டாவுக்குப் போனார்கள்.
அப்பாவுக்கு அங்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
கீழே பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன்.
படியிறங்கி வந்தாள் நெரைடா.
ஹோண்டுராஸிலிருந்து வந்தவள்,
பன்றி இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்,
பென்னர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள்.
எங்கள் சபையில் பார்த்ததில்லை.
சட்டைப் பையிலிருந்து எடுத்தாள்,
மடிப்பில் மடிப்பில் இற்றுப்போன சீட்டு.
"இது இங்கேதானே?"

சிரித்தேன்.
பையன் ஊரில் இல்லையே என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"பன்னிரண்டு மணி நேரம் நின்றேன்.
ரப்பர் பூட்ஸ்.
சீட்டில் தேதி போடவில்லை."

எழுத்தைக் காட்டித் தப்பித்திருக்கலாம்.
கழுவேன் என்றுதானே இருக்கிறது,
இலக்கணம் முழுக்க என் பக்கம்.
பத்தொன்பது வருஷமாய் இதே பாடம்:
அட்டைப் பாதம், பஞ்சு நுரை,
நீல செலோபேன் தண்ணீர்.
படியிறங்கி ஒரு கால் வந்ததில்லை.

காகிதக்கூழ் கரைக்கும் பிளாஸ்டிக் தொட்டி,
வேறு ஒன்றும் அகப்படவில்லை.
கெட்டில் கொதித்து அணைந்தது.
சாக்ஸைக் கழற்ற அவளுக்கு வெகு நேரமாயிற்று,
வெட்கமோ வீக்கமோ.
பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
ஆலை வாடை, அதன்மேல் பிளீச் வாடை.
சிமெண்டுத் தரையில் என் முழங்கால்
டக்கென்றது.

ஜெபம் சொல்லவேண்டுமோ என்று நினைத்தேன்.
"சூடு போதுமா?" என்றுதான் வாயில் வந்தது.
"இன்னும் கொஞ்சம்."

முதல் கால் முடியும்வரை பேச்சில்லை.
இரண்டாவதில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்,
தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.
தொட்டியடியில் காய்ந்து கிடந்த மினுக்கு
வெந்நீரில் கிளம்பி
குதிகால் வெடிப்புகளில் போய் உட்கார்ந்தது.
துடைக்கத் துடைக்க இன்னும் ஆழமாய்ப் போயிற்று.
மன்னிக்கவேண்டும் என்றேன்.
"விடுங்கள்," என்றாள்,
"பூட்ஸுக்குள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்."

துண்டை மடித்தேன்.
கணக்குத் தீர்ந்ததென்று
சீட்டுக்குக் கை நீட்டினேன்.
பழைய மடிப்பிலேயே மடித்து
அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.
"ஒரு தடவைதான் என்று
இதில் எங்கே இருக்கிறது?"

படியில் பூட்ஸ் சத்தம் மேலேறிப் போயிற்று.
பிரஷ்கள் பாதியில் கிடந்தன,
சிவப்பு காய்ந்து,
மயிர் விறைத்து.