ஐந்தாம் சுற்று, ஏழாம் மேசை

கல்லடிப் பள்ளிக்கூட மண்டபம். வெளியே மாரி.
வெள்ளை எனக்கு.
எதிரே வாஜித், அக்கரைப்பற்று ஐஸ் கொம்பனிக்காரர்,
விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.
யோசிக்கவே இல்லை மனுசன்: சிசிலியன்.
மறுகா, ஐந்தாம் நகர்த்தலில், டிராகன்.

வழி தெரிந்ததுதான்.
இடப்பக்கம் நான் ஒளிந்துகொள்வேன், வலப்பக்கம் அவர்.
யார் முதலில் கதவை உடைப்பது
என்பது மட்டும்தான் மிச்சம்.
என் ஓரச் சிப்பாய் ஓடினான்,
ஓடிச் செத்து எனக்குத் தெருவைத் திறந்துவிட்டான்.
ஜெயம் என்று நினைத்தேன். தேத்தண்ணிகூடக் குடித்தேன்.

அவர் தன் கோட்டையைத் தூக்கி
சி-மூன்றில் நின்ற என் குதிரையின் தலையில் இறக்கினார்.
ஐந்தைக் கொடுத்து மூன்றை வாங்கும் வியாபாரம்!
எடுத்தேன்.
கரண்ட் போனது.

"மணிக்கூட்ட நிப்பாட்டுங்க" – பத்மலோஜினி மிஸ்.
இருட்டுக்குள் பத்துக் குரல்:
"தவநேசன், எப்ப வரும்?"
மின்சார சபையில் பதினாறு வருசம்.
லீவில் நிற்கிறேன் என்றேன்.
மிஸ்ஸின் லாச்சிக்குள் என் ஃபோன்
அடித்தது, ஓய்ந்தது, திரும்ப அடித்தது.
எந்த ட்ரான்ஸ்ஃபோமர் என்று எனக்குத் தெரியும்,
எந்த மரம் என்றும்.

பலகை தெரியவில்லை.
ஜி-ஏழில் குந்தியிருந்த கறுப்பு பிஷப் மட்டும்
மூலைக்கு மூலை என்னையே பார்த்தபடி.
அதற்கு வெளிச்சம் தேவையில்லை.

வாஜித் ஒருதரம் தொண்டையைச் செருமினார்.
கண்டுவிட்டார் என்று விளங்கியது.
எதை என்று விளங்கவில்லை.

பத்து நிமிசத்தில் லைற் வந்தது.
அவர் குதிரை என் நடுச் சிப்பாயை விழுங்கியது.
குதிரையை நான் விழுங்கினேன்.
விலகிய வழியால் பிஷப் வந்தது, பிறகு ராணி.
எனக்கு இன்னும் இரண்டு நகர்த்தல் வேண்டும்.
அவருக்கு ஒன்று.

ராஜாவைச் சரித்தேன். இருபத்துநாலு.

தாளில் ஒப்பம் வைக்கும்போது மெல்லச் சொன்னார்:
"கரண்ட் போகாட்டி, தம்பி,
நான் சமன் கேட்டிருப்பன்.
கைய நீட்டத்தான் வெளிக்கிட்டேன்."

லாச்சியில் பதினொரு அழைப்பு.
பன்னிரண்டாவதை எடுத்தேன்.
"எங்க நிக்கிறாய்? அங்க கரண்ட் வந்திற்றா?"

வந்திற்று சேர், என்றேன்,
நல்லா வந்திற்று.