மிச்சப் பூஜ்யங்கள்

ஒஹாயோவில் பனி. டெல்லாவின் கடையில்
முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது.

"கஜானாவைத் துடைச்சு வெச்சது உங்க ஆள்."
"நிரம்பியிருந்த மாதிரி பேசாதே வெர்லின்,
ஓட்டை போட்டதே உங்க ஆள்தான்."

ஆவி படிந்த ஜன்னலில்
நாட்டுக் கடனை விரலால் எழுதுகிறான் வெர்லின்.
முப்பதோ என்னவோ, அப்புறம் பூஜ்யங்கள்.
ஒன்பதாவதோடு கண்ணாடி தீர்ந்துவிட்டது.
"இன்னும் மூணு வேணும்" என்கிறான் ஆர்லோ.
பதினோரு வருஷத்தில்
இருவருக்கும் ஒத்துப்போன ஒரே கணக்கு.

பூஜ்யங்கள் வழிகின்றன.
நாலாவதன் வழியே
ஆர்லோவின் லாரி தெரிகிறது.
'விற்பனைக்கு' என்ற அட்டையில்
விலையை இரண்டு தரம் அடித்துத் திருத்தியிருக்கிறான்.

வெர்லின் அதைப் பார்த்தான்.
பார்க்காதவன்போல்
உப்பை நகர்த்தி வைத்தான்.

"ஆனாலும், உங்க ஆள் வரி விஷயத்தில..."
"நீ ஆரம்பிக்காதே."

டெல்லா துணியோடு வருகிறாள்,
ஜன்னலைத் துடைக்க.