காட்டிய தண்ணீர்

செவ்வாய், வியாழன், சனி.
வூப்பர்தாலில் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயில்
ஏழு மணிக்கு எங்கள் ஜன்னலைத் தாண்டுகையில்
மார்ஜேனா இரண்டு ஊசியும் ஏற்றி முடித்திருப்பாள்.
ஒன்று எடுக்க,
ஒன்று திருப்பிக் கொடுக்க.

இந்தச் செவ்வாய் இயந்திரம் புதிது.
என்னை அதற்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.
உயரம் நூற்று அறுபத்தெட்டு.
எடை அறுபத்தாறு.
ஆண்.
வயதை என்னிடம் கேட்கவில்லை,
கோப்பைப் பார்த்து அவளே தட்டினாள்:
ஐம்பத்தேழு.

முப்பத்தேழே கால் லிட்டர், என்றது திரை.
என் உடம்பில் உள்ள தண்ணீராம்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
இருபத்தாறு வருஷம் நகராட்சி நீச்சல்குளத்தில்
குளோரின் பார்த்தவன் நான்;
நீளம் அகலம் ஆழம் பெருக்காமல்
எந்தத் தண்ணீரையும் நம்பியதில்லை.
மதிப்புத்தான், என்றாள்.
வருஷம் ஒன்று ஏற
ஆணுக்கு நூறு மில்லி வற்றும், கிட்டத்தட்ட.
பெண்ணுக்கு?
பெண்ணின் சூத்திரத்தில் வயதே கிடையாது.
எழுதியவர் மரியாதை தெரிந்தவர், என்று சிரித்தாள்.

நாலு மணித்தியாலம் கழிந்து மதிப்பெண் வந்தது.
கழுவிய தண்ணீரை உள்ள தண்ணீரால் வகுத்தால்
ஒன்று தசம் இரண்டு வர வேண்டும்.
எனக்கு ஒன்று தசம் ஒன்று எட்டு.
இனி ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் கூட,
டாக்டர் சொல்லிவிட்டார்.

வாரத்துக்கு ஒரு மணித்தியாலம்.

எண்பத்தைந்து கார்த்திகை.
பெர்லினில், ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராசே ஸ்டேஷன் கழிப்பறையில்
என் மீசையை வழித்தேன்.
பதினெட்டுக்குக் கீழ் என்றால் திருப்பி அனுப்பமாட்டான்,
கூட்டி வந்தவன் சொன்னான்.
இருபத்துமூன்று வயது மீசை,
நல்ல அடர்த்தி,
குழாயைத் திறக்க மூன்று சுற்றுச் சுற்றிப் போனது.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு
பதினேழு என்று தண்ணி காட்டினேன்.
அவர் எழுதிக்கொண்டார்.

அந்த ஆறு வருஷத்தை எல்லாவற்றிலும் கூட்டிக் கழித்துப் பழகியாயிற்று.
பிள்ளைகள் ஐம்பதாவது பிறந்தநாள் கேக் வைத்தபோது
மனைவி மட்டும் என்னைப் பார்த்து
கண்ணால் ஆறு மெழுகுதிரி கூடக் குத்தினாள்.
பென்ஷன் பிந்தும், தெரியும்.
தண்ணீர் பிசகும் என்று யார் நினைத்தது?

ஆறு நூறு மில்லி.
இல்லை, சரியாகப் பார்த்தால் அதிலும் கொஞ்சம் குறைய.
அரை லிட்டர் என்று வைப்போம்.
ஒரு நாள் முழுவதும் குடிக்க
எனக்கு விட்டிருக்கும் அளவு.
நாற்பது வருஷத்துக்கு முன்
நான் காட்டிய தண்ணீர் அவ்வளவுதான்.

அதைக் கழித்துவிட்டு
தலைக்குள்ளேயே வகுத்துப் பார்த்தேன், இரண்டு தரம்.
ஒன்று தசம் இரண்டு.
மயிரிழையில் பாஸ்.

இருபது நிமிடமும்
இல்லாத தண்ணீரைக் கழுவத்தான்.

வியாழன் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள்.
கையில் இரண்டு ஒட்டு, காலில் இரண்டு ஒட்டு,
எனக்குத் தெரியாமல் ஒரு மின்சாரம்
உடம்புக்குள் நடந்து போய்
ஈரத்தை மட்டும் விசாரித்துத் திரும்பியது.
மீசையைப் பற்றி அதற்குக் கவலையில்லை.
முப்பத்தாறரைக்குக் கொஞ்சம் மேலே.

நெற்றியைச் சுருக்கினாள்.
ஹெர் நீலா,
இந்தப் பெட்டி உங்களைக் கிழவர் என்கிறதே.

நீலகண்டன் என்ற பெயரில்
கண்டத்தை எப்போதோ விட்டுவிட்டார்கள்.
ஆனால் அது அங்கேயே இருந்தது,
சொல்லிவிட ஒரு வாக்கியம் அதுவரை ஏறி நின்றது.
அறுபத்துமூன்று.
ஜெர்மனில் மூன்றை முதலில் சொல்ல வேண்டும்.

கையில் நரம்பு பின்னிய இடம்
பூனைபோல் இரைந்துகொண்டிருந்தது.
வெளியே ரயில் தொங்கியது.

இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போகட்டும், என்றேன்.
தாகமாக இருக்கிறது.

ஐஸ்கட்டி ஒன்று கொண்டுவந்து தந்தாள்.
பதினைந்து மில்லி என்று
அதையும்
எழுதிக்கொண்டாள்.