பத்தா, பதினொன்றா

எடைக் கருவிக்குச் சமதளம் வேண்டும்.
சின்ன ஏர்வாடியில் சமதளம் என்றால்
பள்ளிச் சமையற்கட்டுக்கு முன்னால்
ஒன்றரை அடிச் சிமெண்டுப் பாளம்.
நான் துடைக்கத் துடைக்க
கச்சான் மணலைக் கொண்டுவந்து போட்டது.

காற்றில் எண் நிற்கவில்லை.
இருபத்துநான்கு புள்ளி நான்கு. ஆறு. ஐந்து. ஆறு.
மூச்சைப் பிடி என்றேன்.
நம்புசெல்வி பிடித்தாள்.
லீவு நாளில் அம்மாவோடு தீவுப் பாறைக்குப் போய்
முங்கிப் பாசி பறிக்கிற பிள்ளை அவள்,
பிடித்தால் பிடித்ததுதான்.
எண் நின்ற பிறகும் விடவில்லை.
போதும் விடுடி என்று நான்தான் பயந்து சொன்னேன்.

கழற்றச் சொல்லச் செருப்பு இல்லை.
மடித்துக் கட்டிய சடையை அவிழ்த்தேன்,
உச்சியில் ரிப்பன் இருந்தால்
ஒரு சென்டிமீட்டர் பொய் சொல்லும்.
நூற்று முப்பத்துநான்கு.
எடையை உயரத்தால் வகு,
வந்ததை மறுபடியும் உயரத்தால் வகு.
பதின்மூன்று புள்ளி ஏழு.

தனியாக அந்த எண்ணுக்கு வாய் இல்லை.
வயது எத்தனை என்று கேட்கும்.
எங்கெங்கோ வயிறார உண்டு வளர்ந்த பிள்ளைகளை அளந்து
வரைந்த கோடுகள்
என் அட்டையில் வளைந்து ஏறுகின்றன.
பதினொன்று என்றால் இவள் கோட்டுக்குக் கீழே: மெலிவு,
இரண்டு மாதச் சத்துமாவு.
பத்து என்றால் கோட்டுக்கு மேலே, மயிரிழை,
ஒன்றும் கிடையாது.

பதிவேட்டில் பதினொன்று.
பதிவேட்டில் பாதி வகுப்பும்
ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறது.

முத்திருளாயி கடலிலிருந்து நேரே வந்தாள்,
சேலை இடுப்புவரை நனைந்து,
விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல்.
"வாத்தியாரு ஒரு வருசம் கூட்டிப் போட்டாக நர்சக்கா,
வீட்ல விட்டுட்டுப் போக ஆளில்லைன்னு நாந்தான் கேட்டேன்.
எங்க கொழுந்தன் வத்தை பாம்பன்ல ஒதுங்குச்சுல்ல,
அந்த வருசம் ஆடியில பெறந்தவ."
விரல் விட்டு எண்ணினேன்.
பத்து. பத்தும் ஒரு மாசமும்.

உண்மை சொன்னதில்
தன் மகள் எதை இழந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.
அவள் பறிக்கிற கஞ்சிப்பாசி மதுரைக்குப் போய்
யார் வீட்டுப் பிள்ளையின் ஜெல்லியிலோ கெட்டியாகிறது,
அதுவும் தெரியாது.
அல்லது தெரியும். நான் கேட்டதில்லை.

அடுத்து அண்ணன் சேதுராசு, பதின்மூன்று வயது.
அவனும் நூற்று முப்பத்துநான்கு.
தங்கையோடு தோளுக்குத் தோள்.
அவனை வகுத்துப் பார்த்தால்
கோட்டுக்கு மேலே, பத்திரமாக, பச்சையில்.
எத்தனை கச்சான் காலங்கள் உலையில் அரிசி குறைந்ததோ,
பசி இவனை உயரத்திலேயே தின்று முடித்துவிட்டது.
மேலும் கீழும் சேர்ந்து குறைந்தால்
வகுத்தல் கண்டுகொள்ளாது.
குட்டைக்கு இந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

"நான் பாஸா பெயிலா?" என்றாள் நம்புசெல்வி.
"பெயிலுன்னா என்னமும் குடுப்பாகளா?"
இது அம்மா.
சேதுராசு சிரித்தான். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

யாரும் ஏறாத கருவி
பூச்சியம் புள்ளி ஒன்று, இரண்டு என்று
காற்றை நிறுத்துக்கொண்டிருந்தது.

பத்து என்று எழுதினேன்.
பாஸ் என்றேன்.
குறிப்பு என்ற இடத்தில், ஒரு விரல் அகலம்,
"அண்ணன் உயரம் பார்க்க" என்று நுணுக்கி எழுதினேன்.
மேலே இருப்பவர்கள் அதை எடை என்று திருத்துவார்கள்,
போன வருடமும் திருத்தினார்கள்.

கீழக்கரை தாண்டி
பஸ்ஸில் சில்லறைக்காகப் பையைத் துழாவியபோது
கையில் வந்தது ரிப்பன்.
ஊதா, ஓரம் நைந்தது.
நாளைக்கு ஒற்றைச் சடையை மடித்துக் கட்டி
மற்றதை விட்டுத்தான் வருவாள் பள்ளிக்கு.