நெஞ்சுக்கு மேலே கால்

டண்டினோங் பேக்கரியில்
இரவு பதினொன்றுக்கு மாப் பிசையத் தொடங்கினால்
விடிய ஏழு மணிவரை நின்ற நிலை.
பத்தொன்பது வருடம்.
கதிரை ஒன்று இருந்தது.
அதில் எப்போதும்
மாமூட்டை இருந்தது.

சொந்தக் காலில் நில் என்று சொன்னவர்கள்
எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

முதலில் கணுக்காலுக்கு மேலே, உட்பக்கம்,
தேயிலைச் சாயம் ஊறினதுபோல ஒரு நிறம்.
பிறகு கடி, சொறி.
பிறகொரு நாள் தட்டு வண்டியின் விளிம்பு
பட்டும் படாமலும் உரச
நகத்தளவு கீறல்.
ஆறு மாதம், அது மூடவில்லை.

மஞ்சள் வைத்தேன்.
வேப்பெண்ணெய் வைத்தேன்.
நீளக் காற்சட்டை போட்டேன்.
யோகமலருக்கு நான் சொல்லவில்லை,
மணம் சொல்லிவிட்டது.

மௌரீன் என்ற நேர்ஸ்
செவ்வாயும் வெள்ளியும் வருவா.
மஞ்சளைக் கழுவி எடுத்தபோது ஏசவில்லை.
பாதத்தில் குளிர்ந்த கூழ் பூசி
பேனை போன்ற ஒன்றை வைத்து
என் இரத்தம் ஓடும் சத்தத்தை எனக்கே கேட்க வைத்தா.
காற்றில் படங்கு அடிக்கிற சத்தம்.
"கீழே வருவது நன்றாக வருகிறது,
இறுக்கிக் கட்டலாம்.
நாளத்துக் கதவுகள்தான் பழுது.
திரும்பிப் போவதில்தான் சிக்கல்."

வந்தவர்கள் திரும்பிப் போவது
எங்கேயும் சிக்கல்தான் என்று
அவவுக்குச் சொல்ல
என் ஆங்கிலம் போதவில்லை.

பஞ்சு ஒரு சுற்று, அதன்மேல் துணி,
அதன்மேல் இழுபடுகிற துணி,
அதற்கும் மேலே ஒன்று.
விரலடியிலிருந்து முழங்கால் மட்டும்.
சப்பாத்துக்குள் கால் போகவில்லை,
தம்பியின் பழைய செருப்பை வெட்டிப் போட்டேன்.
நட, நடந்தால் கெண்டைக்கால் இரத்தத்தை மேலே தள்ளும்.
நடக்காத நேரம் காலைத் தூக்கி வை,
நெஞ்சுக்கு மேலே.

நெஞ்சுக்கு மேலே கால்!
எந்தப் பக்கம் நீட்டுவது?
கிழக்கே சாமித்தட்டு.
மேற்கே அப்பாவின் படம்.
வடக்கே வாசல், வருகிறவர் முகத்துக்கு நேரே.
தெற்கே யன்னல், அதற்கப்பால்
பக்கத்து வீட்டு டேமியன் கார் கழுவுகிறான்.
டேமியனுக்கு நீட்டினேன்.
அவன் கையசைத்தான்.
மன்னிப்புக் கேட்பதுபோல
நான் கால்விரலை அசைத்தேன்.

ஒவ்வொரு மாதமும் கண்ணாடித் தாளை வைத்துப்
புண்ணின் கரையைப் பேனையால் சுற்றி வரைவா.
ஆவணியில் மாங்கொட்டை.
கார்த்திகையில் புளியங்கொட்டை.
மார்கழியில் பயறு.
தையில் ஒரு செவ்வாய்க்கிழமை
பேனைக்குச் சுற்றி வர ஒன்றுமில்லை.
வெறுந்தாளில் திகதியை மட்டும் எழுதி
எங்களிடமே தந்துவிட்டுப் போனா.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது,
மின்சாரக் கட்டணத்துக்குப் பக்கத்தில்.

புண்தான் மூடியது, நாளம் அதேதான்.
ஆகவே ஆயுள் முழுக்க மேஸ்.
நாற்பது பாகை வெயிலிலும்.
கட்டிலால் கால் இறங்க முன்
யோகமலர் ரப்பர் கையுறை போட்டு
பல்லைக் கடித்து ஏற்றுவாள்.
"கலியாணத்தில் மெட்டி போட்டது நீங்கள்,
இப்ப என்ர முறை" என்பாள்.
இரவில் உரித்ததும் கிரீம் பூசி
தோலைத் தடவிப் பார்ப்பேன்,
தேயிலை நிறம் போகவில்லை.

நேற்று வேலையில்
மாமூட்டையைத் தூக்கிக் கீழே வைத்தேன்.
கதிரையில் இருந்தேன்,
கவிழ்த்த தட்டுப்பெட்டிமேல் காலைப் போட்டு,
இருபது நிமிடம்.

பான் கருகவில்லை.